நீ தேடிப் போன கடை ஏன் அங்கே இல்லை

தம்பி, நம் ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்திலிருந்து புறப்படும்போது பெரியவர்கள் சொல்லி அனுப்பிய கள்ளுக்கடை, பீர்க்கடைகளைச் சிங்கப்பூரின் தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், தேடி அலைந்ததாக எழுதியிருக்கிறாய். கடையும் இல்லை, அவர்கள் பெயர் சொன்ன சரக்கும் இல்லை. அப்படியென்றால் அவர்கள் சொன்னதெல்லாம் கதையா, ஞாயிற்றுக்கிழமை நம் கரை ஆட்கள் சிங்கப்பூரில் எங்கேதான் உட்காருகிறார்கள் என்று கேட்கிறாய்.

கதை இல்லை. எல்லாம் இருந்தது, ஒவ்வொன்றாகப் போய்விட்டது. உனக்குச் சொன்னவர்களிலும் சிலர் தாங்கள் கண்ணால் பார்க்காத கடையைத்தான் சொல்லியிருப்பார்கள். நான் கப்பல் பட்டறை வேலைக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு மூத்தவர்கள் வாயைத் திறந்தால் கள்ளுக்கடைப் பேச்சுத்தான். அப்போது சிங்கப்பூரில் பெயருக்குக்கூட ஒரு கள்ளுக்கடை கிடையாது. அரசாங்கக் கட்டுப்பாட்டில் நடந்த கடைகளில் கடைசியானதை 1979இலேயே மூடிவிட்டார்கள். நம் ஊரிலும் 1987இல் கள் இறக்கத் தடை வந்துவிட்டதால் அவர்களுக்கு இரண்டு கரையிலும் அது இல்லாமல் போயிற்று. பேச்சு மட்டும் மிஞ்சியது.

அந்தப் பேச்சுக்கு ஒரு காரணம் உண்டு. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள் என்பது பனங்காட்டைப் பார்த்து வளர்ந்த உனக்குத் தெரியும். பாளையிலிருந்து சொட்டும்போதே புளிக்கத் தொடங்கிவிடும். காலையில் இறக்கியது மாலையில் கடுத்துப்போகும், மறுநாள் காடிதான். சிங்கப்பூரில் கிடைத்தது தென்னங்கள். பனங்கள் பழகிய நம் ஆட்களுக்கு அதில் குறை சொல்லாமல் இருக்க முடியாது, ஆனாலும் போனார்கள். எந்தக் கள்ளானாலும் வாங்கி அறையில் வைத்துக்கொள்ள முடியாது. இறக்கிய அன்றைக்கே, விற்கிற இடத்திலேயே குடித்தாக வேண்டும். அதனால் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருந்தார்கள். தேவிபட்டினத்திலிருந்து புதிதாக வந்தவன் அண்ணனைத் தேட வேண்டுமென்றால் சாயங்காலம் கள்ளுக்கடை வாசலில் போய் நின்றால் போதும், முகவரி வேண்டியதில்லை.

அந்தக் கடைகளை நான் புகழ்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. கூலி வாங்கிய கையோடு அங்கே போய் வெறுங்கையோடு திரும்பிய குடும்பஸ்தர்கள் எத்தனையோ பேர். சிங்கப்பூர், மலாயாவில் சீர்திருத்தம் பேசிய தமிழர்களே அவற்றை எதிர்த்தார்கள், எதிர்த்தது சரிதான். மூடியதில் எனக்கு வருத்தமில்லை. மூடிய இடத்தில் வேறொன்று வைக்காமல் விட்டதில் வருத்தம் உண்டு.

இனி பீர். உன் பெரியப்பா சொன்ன ‘நாய்த்தலை’ வேறொன்றும் இல்லை, கின்னஸ் ஸ்டவுட் என்ற கறுப்புப் பீர்தான். பழைய பாட்டிலின் ஒட்டுத்தாளில் நாயின் தலைப் படம் இருந்தது. வயதான சீனக் கடைக்காரர்கள் அதைக் கறுப்பு நாய் என்றே சொல்வார்கள். அலெக்சாண்ட்ரா சாலையில் பீர் ஆலை இருந்தது என்று உன் பெரியப்பா சொன்னதும் உண்மை. ஃபிரேசர் அண்ட் நீவ் நிறுவனம் ஹெய்னெக்கனோடு சேர்ந்து 1932இல் டைகர் பீரைக் கொண்டுவந்தது. அதற்குப் போட்டியாக ஜெர்மன்காரர்களின் ஆர்க்கிப்பெலாகோ நிறுவனம் அலெக்சாண்ட்ரா சாலையில் ஆலை வைத்து ஆங்கர் பீர் காய்ச்சியது. போர் வந்ததும் எதிரிச் சொத்து என்று பறிமுதலாகி, போட்டிக்காரர் கைக்கே போய்ச் சேர்ந்தது. 1990இல் உற்பத்தியெல்லாம் சிங்கப்பூரின் மேற்குக் கோடியில் உள்ள துவாசுக்குப் போய்விட்டது. இன்று நீ அலெக்சாண்ட்ரா சாலையில் இக்கியா பக்கம் போனால் ஆங்கர்பாயிண்ட் என்று ஒரு கடைத்தொகுதி இருக்கும். ஆலை இருந்த இடம் அதுதான், பெயரும் பீரிலிருந்து வந்ததுதான். அலெக்சாண்ட்ராவில் காய்ச்சியதன் ருசி துவாசில் வராது என்று நம் பெரியவர்கள் அடித்துச் சொல்வார்கள். நான் அவர்களோடு வாதாடுவதில்லை. அந்த ருசியில் வயதும் கூட்டாளிகளும் கலந்திருக்கும்போது எதை எதோடு ஒப்பிடுவது?

என் காலத்துக் கடையும் இப்போது இல்லை. சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் சீனர் ஒருவர் நடத்திய காப்பிக் கடை. வட்டமான சலவைக்கல் மேசை, தடித்த கண்ணாடிக் கிளாசில் ஐஸ், பெரிய பாட்டில் பீர். காலிப் பாட்டில்களை எடுக்கவே மாட்டார்கள். கடைசியில் மேசைமேல் நிற்பதை எண்ணித்தான் கணக்கு. அந்தப் பாட்டில்களுக்கு நடுவில்தான் ஊர் முழுவதும் இருந்தது. விடுப்பில் போகிறவனிடம் பணமும் கடிதமும் கொடுப்போம். திரும்பி வருகிறவன் நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்து, மேலே பேனாவால் எழுதியிருக்கும் பெயரைப் படித்து நீட்டுவான். எந்தப் பட்டறையில் ஆள் எடுக்கிறார்கள், எந்த ஏஜெண்டிடம் போகக் கூடாது என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். கடையின் டெலிபோன் எண் பாம்பனில் பல வீட்டுச் சுவர்களில், காலண்டருக்குப் பக்கத்தில், பென்சிலால் எழுதியிருந்தது. மணி அடித்தால் கடைக்காரர் எடுப்பார், தமிழ்க் குரல் என்றால் எங்கள் மேசையைப் பார்த்துக் கையை உயர்த்துவார். யாருக்கு என்று தெரிவதற்குள் எல்லாருக்கும் நெஞ்சு படபடக்கும். பாதி நேரம் நல்ல செய்தியாக இருக்காது. ஆனால் கெட்ட செய்தியைக் கேட்டவன் தனியாக நிற்கவில்லை. அன்றிரவே டிக்கெட்டுக்குப் பணம் சேர்ந்துவிடும்.

அந்தக் கட்டடத்தைப் புதுப்பிக்க எடுத்துக்கொண்டார்கள். நாங்கள் ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கத்துப் புல்வெளிக்கு மாறினோம். 2013 டிசம்பர் 8ஆம் தேதி இரவு நம் தமிழ்த் தொழிலாளி ஒருவர் அங்கே பஸ்ஸில் அடிபட்டு இறந்தார். அதைத் தொடர்ந்து கலவரம். விசாரணைக் குழு மதுவையும் ஒரு காரணமாகச் சொன்னது. 2015 ஏப்ரலில் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. புல்வெளி வாழ்க்கை அதோடு முடிந்தது.

இந்தச் சட்டத்தைப் புதிதாக வந்தவன் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். சிங்கப்பூர் முழுவதும் இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது. கடைகளும் வாங்கிப்போக விற்க மாட்டார்கள். லிட்டில் இந்தியா வட்டாரத்தில் சனிக்கிழமை காலை 7 மணி முதல் திங்கட்கிழமை காலை 7 மணி வரை பொது இடத்தில் வாயில் வைக்கவே கூடாது; சனி ஞாயிறுகளில் மாலை 7 மணியோடு கடை விற்பனையும் நின்றுவிடும். உரிமம் உள்ள கடைக்குள் உட்கார்ந்து குடிக்கலாம். மீறினால் 1,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், அந்த வட்டாரத்தில் இன்னும் கடுமை. வேலை அனுமதியில் வந்தவனுக்கு அபராதத்தைவிட அனுமதியே பெரிய கவலை. விலையையும் யோசி. பீரில் உள்ள ஆல்கஹாலுக்கு லிட்டருக்கு 60 வெள்ளி தீர்வை. 5 சதவீதப் பீர் ஒரு பெரிய பாட்டிலில் ஏறக்குறைய 2 வெள்ளி வரியாகவே போகிறது. கடைக்காரர் லாபம் அதற்கு மேல்.

நான் இப்போது விடுப்பில் பாம்பனில் இருக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகளெல்லாம் கட்டிக் கிடக்கின்றன. துறைக்கு மேலே உள்ள தேநீர்க் கடையில் சிங்கப்பூர் போய்த் திரும்பிய நாலைந்து பேர் தினமும் கூடுகிறார்கள். அவர்களில் ஒருவர் சர்க்கரை வந்து குடியை விட்டுப் பல காலமாகிறது. பழைய கடைகளைப் பற்றி அவர்தான் எல்லாரையும்விட விரிவாகப் பேசுகிறார். நேற்று ஒரு மணி நேரம் தகராறு. மின்விசிறிக்குக் கீழே இருந்த முக்காலி தொண்டிக்காரர் உட்காரும் இடமா, மண்டபத்துக்காரர் உட்காரும் இடமா என்று. பீரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இதைத்தான் உனக்குச் சொல்ல நினைத்தேன். அவர்கள் உன்னை அனுப்பியது ஒரு மேசைக்கு. அங்கே என்ன ஊற்றினார்கள் என்பது இரண்டாம் பட்சம்.

அந்த மேசையை இன்று உனக்கு யாரும் போட்டுத்தர மாட்டார்கள். டின் பீர் வந்தது, கைப்பேசி வந்தது. விடுதியில் ஒவ்வொருவனும் அவனவன் கட்டிலில் படுத்துக்கொண்டே ஊரைப் பார்க்கிறான். பக்கத்துக் கட்டிலில் இருப்பவனுக்குக் காய்ச்சல் என்பது மூன்றாம் நாள் தெரிகிறது. இது எனக்குப் பொறுக்கவில்லை தம்பி.

ஆகவே நீயே ஓர் இடத்தைப் பிடி. விடுதி ஜூரோங் பக்கம் என்றால் பெஞ்சூருவில் தொழிலாளர் பொழுதுபோக்கு மையம் இருக்கிறது. தேக்காவுக்கே வர வேண்டுமென்றால் ஓஃபிர் சாலையில் லூர்து அன்னை தேவாலயத்தில் ஞாயிறு தமிழ்ப் பூசை உண்டு. 1888இலிருந்து நிற்கும் கோயில், நம் தீவுக்காரர்கள் பலர் அங்கே வருவார்கள். பூசை முடிந்து நடந்தால் தேக்கா நிலையம் என்ற சந்தைக் கட்டடத்தின் சாப்பாட்டுக் கடைகள் பக்கம்தான். ஒரு மேசை, ஒரு நேரம் என்று வைத்துக்கொள், வாராவாரம் மாற்றாதே. குடிக்க விருப்பமில்லை என்றால் ஒரு ‘தே’ (தேநீர்) வாங்கிக்கொண்டு உட்கார். யாரும் கேட்க மாட்டார்கள். வீட்டுக்கும் அந்த இடத்தையும் நேரத்தையும் சொல்லி வை. மண்டபம், தேவிபட்டினம், ஏர்வாடி என்று புதிதாக வருகிற பையன்களிடமும் சொல். இரண்டு பேர் போதும், மூன்றாமவன் தானாக வருவான்.

தடைக்காலம் முடிந்ததும் நான் திரும்பிவிடுவேன். ஜூலை முதல் ஞாயிறு பூசைக்கு வருகிறேன், தேவாலய வாசலில் இரு. அம்மா ஏதாவது கொடுத்தனுப்ப நினைத்தால் எங்கள் வீட்டில் கொடுத்துவிடச் சொல். இரண்டு கிலோவுக்குள் இருக்கட்டும். கருவாடு என்றால் நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து, பிளாஸ்டிக் உறையில் இரண்டு சுற்றுச் சுற்றி, உன் பெயரை மேலே பெரிதாக எழுதச் சொல்.