வாக்கர் வாங்கும் முன் குளியலறை வாசலை அளந்துவிடுங்கள்

கேள்வி: மாமியாருக்கு 74 வயது. இடுப்பு எலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்திருக்கிறார். பிடித்து நடக்க வாக்கர் கேட்டால் கடையில் சக்கரம் இல்லாதது, முன்பக்கம் இரண்டு சக்கரம் உள்ளது, நான்கு சக்கரமும் சீட்டும் உள்ளது என்று மூன்று வகை காட்டுகிறார்கள். எதை வாங்குவது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அடிபட்ட காலில் எவ்வளவு பாரம் ஊன்றலாம் என்பதை அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடம் முதலில் கேளுங்கள். பாரத்தைக் கைகளில்தான் தாங்க வேண்டுமென்றால் சக்கரம் இல்லாத வாக்கரே பத்திரம். ஒவ்வோர் அடிக்கும் அதைத் தூக்கி வைக்கத் தோளில் தெம்பில்லை, மூச்சு வாங்குகிறது என்றால் முன்பக்கம் இரண்டு சக்கரம் உள்ளது சரி. நான்கு சக்கர வண்டி இப்போது வேண்டவே வேண்டாம். சாய்ந்தால் அது முன்னே ஓடிவிடும். நன்றாக நடப்பவர், சிறிது தூரத்தில் களைத்துப்போகிறார், பிரேக்கை இறுக்கிப் பிடிக்கக் கையில் வலு இருக்கிறது என்பவர்களுக்கானது அது.

கடைக்குப் போகும் முன் குளியலறை வாசலை அளந்துவிடுங்கள். கதவைத் திறந்து வைத்து, நிலைக்கு உள்பக்கம் மிஞ்சும் இடைவெளிதான் கணக்கு. கூடத்தில் சுகமாக நகர்ந்த வாக்கர் அந்த வாசலில் முட்டி நிற்பதும், பெரியவர் அதை வெளியே விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்து உள்ளே போவதும்தான் பல வீடுகளில் நடக்கிறது. வாக்கரின் கால்கள் கீழே அகன்றிருக்கும். அந்த அகலத்தை அளங்கள், கைப்பிடி அகலத்தை அல்ல.

அடுத்தது உயரம். வழக்கமாகப் போடும் செருப்போடு நிமிர்ந்து நிற்கச் சொல்லுங்கள். கை தளர்வாகத் தொங்கும்போது மணிக்கட்டு ரேகை எங்கே இருக்கிறதோ அங்கே கைப்பிடி வர வேண்டும். பிடித்தால் முழங்கை லேசாக, 15 முதல் 30 டிகிரி வரை மடங்கும். உயரம் கூடினால் தோள் தூக்கிக்கொள்ளும், கையால் அழுத்த முடியாது. குறைந்தால் கூன் விழும். நான்கு காலிலும் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான் ஒரே எண்ணிக்கைத் துளையில் முழுதாக வெளியே வந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒன்று பாதி சிக்கியிருந்தாலும் பாரம் ஏறியதும் அந்தக் கால் உள்ளே இறங்கிவிடும்.

அடி ரப்பர் புஷ்ஷையும் வாரம் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். வரிகள் தேய்ந்து வழவழப்பாகிவிட்டால் ஈர டைல்ஸில் வழுக்கும். புஷ் தனியாகவே கிடைக்கிறது. பழையதைக் கையோடு கொண்டுபோனால் அளவு தப்பாது.

கேள்வி: அப்பாவுக்குப் பார்க்கின்சன் (நடுக்குவாதம்). வாக்கரைத் தூக்கும்போதெல்லாம் பின்பக்கம் சாய்கிறார்.
– வாசகர், தென்காசி

பதில்: தூக்குவதுதான் காரணம். முன்சக்கரம் உள்ளதற்கு மாற்றுங்கள். பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில் நடக்கவிட்டுப் பார்த்த பிறகு வாங்குங்கள். அதுவரை ஒருவர் கூடவே நடக்கட்டும்.

கேள்வி: அம்மா நாற்காலியிலிருந்து எழும்போது வாக்கரைப் பிடித்து இழுக்கிறார். தவறா?
– வாசகி, மதுரை

பதில்: தவறுதான், வாக்கர் அவர் மேலேயே சாயும். கை வைத்த நாற்காலியாகக் கொடுங்கள். நுனிக்கு நகர்ந்து, இரண்டு கைகளாலும் நாற்காலிக் கையை அழுத்தி எழுந்து, நிலையாக நின்றபின் ஒவ்வொரு கையாக வாக்கருக்கு மாற்றட்டும். நடக்கும்போது வாக்கர் முதலில், பிறகு வலியுள்ள கால், கடைசியில் நல்ல கால். உட்காரும்போது காலின் பின்பக்கம் நாற்காலியில் படும்வரை பின்னோக்கி வந்து, நாற்காலிக் கையைத் தொட்ட பிறகே உட்கார வேண்டும். புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டிவிடுங்கள். கொசுவம் வாக்கர் காலுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும்.