பூனைக்குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை

கேள்வி: 'ட்ரெயின்ஸ்பாட்டிங்' படத்தை நீங்கள் பாராட்டி எழுதியதை நம்பி நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து பார்த்தோம். விழுந்து விழுந்து சிரித்தோம். மறுநாள் யோசித்தால் கூச்சமாக இருக்கிறது. ஹெராயின் ஊசி போட்டுக்கொள்கிறவர்களை இவ்வளவு ஜாலியாகக் காட்டலாமா? நட்பைப் பற்றிய நல்ல படம் என்பதற்காக மன்னித்துவிடலாமா?

பதில்: மன்னிப்பெல்லாம் அப்புறம். நட்பைப் பற்றிய நல்ல படம் என்று உங்களுக்கு யார் சொன்னது? சத்தியமாக நான் சொல்லவில்லை. ஐந்து பேர் ஒரே பாரில் உட்கார்ந்து ஒரே ஜோக்குக்குச் சிரித்தால் அது நட்பு என்று நாம் பழகிவிட்டோம், அதனால் வந்த வினை.

முதலில் உங்கள் முதல் கேள்வி. இது புதிய புகார் இல்லை. 1996இல் படம் வந்தபோதே, அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் நின்ற பாப் டோல், இது போதையைப் புகழ்கிற படம் என்று மேடையில் திட்டினார். படத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டால், இல்லை. நீங்கள் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள், அந்த வகையில் அவரைவிடப் பத்து மடங்கு மேல். ஹெராயின் சுகமாக இருக்கும் என்று படம் சொல்கிறது, அதை மறைக்கவில்லை. சுகம் இல்லாமலா ஒருத்தன் வேலை, வீடு, பல், பெற்றவர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதன் பின்னால் போவான்? அதை மறைத்து எடுக்கிற பிரசாரப் படங்களைப் பார்த்து ஒருத்தன் திருந்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை. திரைக்கதை எழுதிய ஜான் ஹாட்ஜ் மருத்துவம் படித்தவர், நோயாளி ஏன் நோயை விடமாட்டேன் என்கிறான் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. பாட்டும் வேகமும் கொஞ்சம் கூடுதல் கவர்ச்சிதான், அந்தக் குற்றச்சாட்டை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். (அந்தக் கழிவறைக் காட்சியில் சுவரெல்லாம் அப்பியிருந்தது சாக்லேட் என்று தெரிந்த பிறகும் எனக்கு ஒவ்வொரு தடவையும் குமட்டுகிறது, அது கவர்ச்சிக் கணக்கில் வராது.)

சரி, சிரிப்புக்கு வருகிறேன். நீங்கள் நாலு பேரும் எங்கெங்கே சிரித்தீர்கள் என்று கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். இந்தப் படத்தில் ஒவ்வொரு ஜோக்குக்கும் பில் உண்டு. ஆனால் பில் உடனே வராது, ஜோக் அடித்தவன் பேருக்கும் வராது.

படத்தின் கும்பல் ஐந்து பேர்: கதை சொல்லும் ரென்டன், ஸ்பட், சிக் பாய், பெக்பி, டாமி. டாமியை எடுத்துக்கொள்ளுங்கள். கும்பலில் ஊசி பக்கமே போகாத பையன், உடற்பயிற்சி செய்கிறவன், காதலி இருக்கிறாள். அவனும் அவளும் அந்தரங்கமாக எடுத்துவைத்த வீடியோ கேசட்டை ரென்டன் கால்பந்து கோல்கள் கேசட்டோடு மாற்றி எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். நாம் சிரிக்கிறோம். வாடகைக் கடைக்குத் தவறுதலாகத் திருப்பிக் கொடுத்துவிட்டோமோ என்று டாமி விழிக்க, அவள் கத்த, அதற்கும் சிரிக்கிறோம். அவள் போய்விடுகிறாள். ஆறுதல் தேடி டாமி வருவது ரென்டனிடம், கையில் காசோடு, எனக்கும் அதைக் கொடு என்று. ரென்டன் கொஞ்சம் தயங்குகிறான், அப்புறம் கொடுக்கிறான். கேசட்டை எடுத்தது நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் டாமி அவன் மூக்கில் ஒரு குத்து விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். சொல்லவில்லை.

டாமிக்கு எச்.ஐ.வி. வருகிறது. அத்தனை வருஷம் ஊசி போட்ட ரென்டனுக்குப் பரிசோதனையில் ஒன்றுமில்லை. கதைக்காக வலிந்து சேர்த்த திருப்பம் இல்லை இது. 1980களில், கதை நடக்கும் ஸ்காட்லாந்து நகரமான எடின்பரோவில் புதிய ஊசி கிடைக்கவிடாமல் நெருக்கினார்கள், போலீஸ் வைத்திருப்பவனிடம் பிடுங்கியது. ஹெராயின் நிற்கவில்லை, ஊசிதான் நின்றது. ஒரே ஊசி ஒரு அறை முழுக்கச் சுற்றியது. 1986இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வில், அந்த நகரத்தில் பரிசோதித்த ஊசிப் பழக்கக்காரர்களில் பாதிப் பேருக்கு மேல் எச்.ஐ.வி. இருந்தது. படத்துக்கு மூலமான, இர்வின் வெல்ஷ் 1993இல் எழுதிய நாவல் அந்த ஊரிலிருந்துதான் வருகிறது. நண்பர்கள் என்று நீங்கள் சொல்கிறவர்கள் தங்களுக்குள் உண்மையாகப் பகிர்ந்துகொண்டது அந்த ஊசியைத்தான்.

காதலியைத் திரும்பக் கூட்டிவர டாமி ஒரு பூனைக்குட்டி வாங்குகிறான். அவள் வேண்டாம் என்றுவிடுகிறாள், குட்டி அவனோடு தங்கிவிடுகிறது. பூனை மலத்தில் இருக்கும் ஒரு கிருமி நல்ல உடம்பை அநேகமாக ஒன்றும் செய்யாது, எதிர்ப்புச் சக்தி போன உடம்பில் மூளைக்கு ஏறிவிடும். டாமி சாகிறான். வெகுநாள் கழித்து நாற்றம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் புகார் செய்து, போலீஸ் கதவை உடைத்துத்தான் தெரிகிறது. அத்தனை நாளில் இந்த நாலு நண்பர்களில் ஒருத்தன் போய்க் கதவைத் தட்டியிருந்தால்? சாவு வீட்டில் இதையெல்லாம் ஒருத்தன் ரென்டனிடம் விவரித்துவிட்டு, கடைசியில், பூனைக்குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை என்கிறான். எனக்குத் தெரிந்து படத்திலேயே கொடூரமான ஜோக் இதுதான். அங்கே உங்களுக்குச் சிரிப்பு வந்திருந்தால் அதற்காகக் கூச்சப்பட வேண்டாம், வரவேண்டும் என்றுதான் அங்கே வைத்திருக்கிறார் இயக்குநர் டேனி பாயில்.

மற்ற பில்களையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கடையில் திருடி ஸ்பட்டும் ரென்டனும் சேர்ந்துதான் மாட்டுகிறார்கள், ஜெயிலுக்குப் போவது ஸ்பட். கவனிக்க ஆளில்லாமல் தொட்டிலில் குழந்தை செத்துக் கிடக்க, தாய் கதறிவிட்டு ஊசி கேட்கிறாள், ரென்டன் கரண்டியில் காய்ச்சுகிறான், முதல் ஊசி தனக்கு, அப்புறம்தான் அவளுக்கு. பெக்பி ஹெராயினைத் தொடமாட்டான், அதில் அவனுக்கு ரொம்பப் பெருமை, ஆனால் பாரில் கண்ணாடிக் கோப்பையைத் தலைக்கு மேலே பின்னால் வீசிவிட்டுச் சண்டையை அவனே தொடங்குவான். யார் மண்டை உடைந்தது என்பது அவன் கவலை இல்லை.

கடைசியில் லண்டன். ஹெராயின் விற்று மிச்ச நாலு பேருக்கும் சேர்ந்து வந்த 16,000 பவுண்டு. விடியுமுன் தூங்குகிற பெக்பியின் அணைப்பிலிருந்து ரென்டன் பையை மெல்ல உருவுகிறான். ஸ்பட் தூங்கவில்லை, பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறான், சத்தம் போடவில்லை. அவனுக்கு மட்டும் ஒரு லாக்கரில் கொஞ்சம் பணம் வைத்துவிட்டு ரென்டன் சிரித்துக்கொண்டே பாலத்தில் நடந்துவருகிறான், பாட்டு ஏறுகிறது, நாமும் கூடவே சந்தோஷப்படுகிறோம். இதைத்தானே நீங்கள் நட்பு என்கிறீர்கள்?

இரண்டாம் பாகம் 2017இல் வந்தது, பார்க்கவில்லை என்றால் பாருங்கள். ரென்டன் இருபது வருஷம் கழித்து வந்து, சிக் பாயின் பங்கு 4,000 பவுண்டை எண்ணிக் கொடுக்கிறான், வட்டி இல்லாமல். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, காலத்தில் திரும்பிப் போக வண்டி வாங்கவா என்கிற மாதிரி சிக் பாய் எகிறுகிறான். அப்புறம் டாமி ஞாபகமாக, அவன் ஒருமுறை எல்லோரையும் அழைத்துப்போன அதே மலையடிவார ரயில் நிலையத்துக்குப் போகிறார்கள். அங்கே நின்றுகொண்டு டாமியின் கணக்கை ரென்டன் தலையில் சிக் பாய் எழுத, செத்த குழந்தையின் கணக்கை, அதற்கு அப்பனான சிக் பாய் தலையில் ரென்டன் எழுதுகிறான்.