அம்மாவுக்குப் பிறப்புச் சான்றிதழே இல்லை. அமெரிக்க கிரீன் கார்டு விண்ணப்பத்தில் அவர் யார் என்பதை எப்படி நிரூபிப்பது?

கேள்வி இது: அம்மா 1963-இல் வெள்ளகோவில் பக்கம் ஒரு கிராமத்தில் வீட்டிலேயே பிறந்தவர். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. பிறப்புச் சான்றிதழ் கிடையாது, பெயரும் ஒவ்வொரு அட்டையில் ஒவ்வொரு மாதிரி. அமெரிக்கக் குடிமகனான தம்பி அம்மாவுக்காக மனுப் போடுகிறார். இப்போது புதிதாகப் பிறப்பைப் பதிந்து சான்றிதழ் வாங்கிவிட்டால் போதுமா? ஜாதகத்தையும் சேர்க்கலாமா?

வாங்கலாம், தப்பில்லை. 2023-இல் திருத்திய சட்டப்படி, ஒரு வருஷத்துக்கு மேல் தாமதமான பிறப்பை மாவட்ட நிர்வாகத்தின் நிர்வாக நடுவர் உத்தரவோடு பதியலாம். ஆனால் அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். அறுபது வருஷத்துக்கு முந்தைய பிறப்பை இந்த வருஷம் பதிந்த காகிதத்தைப் பார்த்தால், "இதை எதை வைத்துப் பதிந்தார்கள்?" என்பதுதான் அங்கே இருக்கும் அதிகாரியின் முதல் கேள்வியாக இருக்கும். அமெரிக்காவைப் பற்றி யாரும் கனவுகூடக் காணாத காலத்தில், வேறு ஏதோ காரியத்துக்காக எழுதிவைத்த பழைய காகிதங்கள்தான் இதில் பேசும். எங்கள் அம்மா 1961-இல் மூலனூர் பக்கம் பிறந்தவர். அவருக்கு நான்தான் இந்த வேலையெல்லாம் பார்த்தேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். நான் வக்கீல் இல்லை.

விதி என்ன சொல்கிறது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். பிறப்புச் சான்றிதழ் இல்லையென்றால், அது இல்லை என்பதைக் காட்டிவிட்டு அடுத்த நிலை ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். பள்ளிப் பதிவு போன்றவை அந்த நிலையில் வரும். அதுவும் இல்லாவிட்டால், மனுவில் சம்பந்தப்படாத, விஷயம் நேரடியாகத் தெரிந்த இருவராவது பிரமாணப் பத்திரம் தர வேண்டும். அதோடு, 1970 ஏப்ரல் 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர்களிடம் சான்றிதழ் இருக்காது என்பது அமெரிக்க வெளியுறவுத் துறைக்கும் தெரிந்ததுதான். அவர்களுக்குப் பள்ளிச் சான்று, மூத்த உறவினரின் பிரமாணப் பத்திரம் போன்ற மாற்றுகளை ஏற்கிறார்கள். உங்கள் அம்மாவும் அந்தக் கணக்கில்தான் வருகிறார்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. ஐ-130, அதாவது உறவினருக்காக முதலில் போடும் மனு, அந்தக் கட்டத்தில் அம்மாவின் பிறப்புச் சான்றிதழை யாரும் கேட்பதில்லை. தம்பியின் பிறப்புச் சான்றிதழைத்தான் பார்ப்பார்கள், அதில் தாயின் பெயர் என்ன என்று. அம்மாவுடையது அதற்குப் பிறகு, விசா கட்டத்தில் வரும். அதனால் இன்றைக்கே தம்பியின் சான்றிதழை எடுத்துத் தாய் பெயர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். எங்கள் வீட்டில் அது 'மாராத்தாள்'. பள்ளியில் 'மாராத்தா', ரேஷன் கார்டில் 'மாரம்மாள்', பாஸ்போர்ட்டில் அப்பா பெயரையும் சேர்த்து இன்னொரு வடிவம். பெயர் எழுதும் இடத்தில் யார் உட்கார்ந்திருந்தாரோ அவருக்கு எது சரியென்று பட்டதோ அது!

சரி, காகிதங்களுக்கு வருவோம்.

முதலில் பழைய பிறப்புப் பதிவேட்டில் தேடச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் கிராமத்தில் பிறப்பு இறப்பு எழுதியவர் மணியக்காரர். 1980-இல் அந்தப் பரம்பரைப் பதவிகளை எடுத்துவிட்டு கிராம நிர்வாக அலுவலர்களைப் போட்டார்கள். பழைய நோட்டுகள் தாலுகா ஆபீஸ், சார்பதிவாளர் ஆபீஸ் என்று போய்ச் சேர்ந்துவிட்டன. தேடும்போது அம்மாவின் பெயரைச் சொன்னால் கிடைக்காது. குழந்தைக்குப் பெயர் வைப்பதற்கு முன்னாலேயே எழுதியிருப்பார்கள். 'இன்னாருக்குப் பெண்' என்று மட்டும்தான் இருக்கும். தாத்தா பெயரையும் ஊரையும் சொல்லி, முன்னும் பின்னும் ஓரிரு வருஷம் சேர்த்துத் தேடச் சொல்லுங்கள். கிடைத்தால் பெயரில்லாத அந்த ஒரு வரிக்கே பெரிய மதிப்பு உண்டு. கிடைக்காவிட்டால் 'பதிவு இல்லை' என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். அதுவும் ஓர் ஆவணம்தான்.

அடுத்தது பள்ளி. மூன்றாவதோ ஐந்தாவதோ, ஊர் ஆரம்பப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் அம்மா பெயர், தாத்தா பெயர், பிறந்த தேதி எல்லாம் இருக்கும். தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேட்டு, கையெழுத்தும் முத்திரையும் வைத்து நகல் வாங்குங்கள்.

பெரும்பாலோர் கண்டுகொள்ளாத புதையல் ஒன்று உண்டு: பத்திரம். நம் பக்கத்துப் பெண்கள் பொறந்த வீட்டுச் சொத்தில் பங்கு வாங்கினார்களோ இல்லையோ, "எனக்கு வேண்டாம்" என்று அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் ஏராளம். எங்கள் அம்மாவும் போட்டார். தோட்டத்துப் பங்கு போனது போனதுதான். எனக்கு அதில் இன்னும் வருத்தம் உண்டு. ஆனால் அந்தப் பத்திரத்தின் முதல் பக்கத்தைப் படித்துப் பாருங்கள்: இன்னார் மகளும், இன்னார் மனைவியும், இந்த ஊரில் குடியிருப்பவருமான, இத்தனை வயதுள்ள இன்னார் என்று எழுதியிருக்கும். பொறந்த வீட்டையும் புகுந்த வீட்டையும் ஒரே வாக்கியத்தில் இணைக்கிற அரசுப் பதிவு வேறு எங்கே கிடைக்கும்? சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம். பத்திர எண் தெரியாவிட்டால் தோட்டத்தின் சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டால் வந்துவிடும். தாத்தா இறந்தபோது தாசில்தாரிடம் வாங்கிய வாரிசுச் சான்று இருந்தால் அதையும் எடுங்கள். பிள்ளைகள் எல்லார் பெயரும் வயதும் அதில் இருக்கும்.

2002, 2005 வாக்காளர் பட்டியல்களைத் தீவிரத் திருத்தத்துக்காக மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் போட்டிருந்தார்கள். அம்மா பெயர், அப்பா பெயர், வயது, வீட்டு எண் எல்லாம் அதில் உண்டு. ஆதார், பான் எல்லாம் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். அவை நேற்று வந்தவை.

எல்லாவற்றையும் பரப்பி வைத்துப் பார்க்கும்போது ஒரு குழப்பம் வரும், வெள்ளகோவிலுக்கும் அது வரும். அம்மா பிறந்தபோது அது கோயம்புத்தூர் மாவட்டம், சென்னை மாநிலம். 1979-இல் பெரியார் மாவட்டம் பிரிந்தது, 1996-இல் அதுவே ஈரோடு ஆனது, 2009-இல் காங்கேயமும் தாராபுரமும் திருப்பூர் மாவட்டத்துக்குப் போய்விட்டன. ஆக அம்மா இருந்த இடத்தில் இருந்துகொண்டே நான்கு மாவட்டம் பார்த்தவர்! நமக்கு இது சிரிப்பு. அமெரிக்காவில் கோப்பைப் பிரிக்கிறவருக்கு நான்கும் நான்கு வேறு ஊர். விளக்கக் கடிதத்தில் ஒரு பத்தியில் வருஷத்தோடு எழுதிவிடுங்கள்.

பிரமாணப் பத்திரத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். நாங்கள் போன நோட்டரி ஒருவர் ரெடியாக வைத்திருந்த மாதிரியில் பெயரை மட்டும் மாற்றி நீட்டினார்: 'மேற்படியாரை எனக்கு நன்கு தெரியும், அவர் இந்தத் தேதியில் பிறந்தார்.' எப்படித் தெரியும்? அது அதில் எங்குமே இல்லை. நான் அதை வைத்துவிட்டுப் பெரியம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். அம்மாவைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். "ஏங்கண்ணு, நாந்தானே இட்டேரி வழியா ஓடிப் போயி மருத்துவச்சியக் கூட்டியாந்தேன். எருமை கத்திக்கிட்டே கெடந்துச்சு, பால் கறக்க ஆளில்ல. தொட்டிலுக்குக் கவுறு கட்டுனதும் நாந்தான்" என்றார். எருமையை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அப்படியே எழுதினோம்: உறவு என்ன, அப்போது தனக்கு என்ன வயது, எந்த ஊரில் யார் வீடு, பிரசவம் பார்த்தது யார், பெற்றோர் பெயர், இன்று வரை தொடர்பு உண்டு என்பது. அவர் கைநாட்டு வைப்பவர் என்பதால், தமிழில் வாசித்துக் காட்டி விளங்கவைத்த பிறகே வைத்தார் என்று நோட்டரி குறிப்பும் சேர்த்தோம். இன்னொன்றை மாமா கொடுத்தார். உங்கள் தம்பி மனுதாரர், அம்மா பயனாளி. அவர்கள் இருவரும் எழுதினால் கணக்கில் வராது. வேறு எந்த வேலையை ஆரம்பிப்பதற்கு முன்னாலும் அம்மாவைவிட மூத்தவர்களிடம் இதை எழுதி வாங்கிவிடுங்கள். பத்திர நகல் அடுத்த வருஷமும் கிடைக்கும்.

பெயர் மாறாட்டத்துக்கு அம்மாவே ஒரு பத்திரம் தரலாம்: இந்த ஆவணத்தில் இப்படி, அந்த ஆவணத்தில் அப்படி, எல்லாம் நானே என்று ஆவண வாரியாக. தமிழ் ஆவணம் ஒவ்வொன்றுக்கும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். இரண்டு மொழியும் தெரிந்தவர் 'முழுமையானது, சரியானது' என்று கையெழுத்திட்டால் போதும்.

ஆதாரம் போதவில்லை என்று அதிகாரி நினைத்தால் டிஎன்ஏ சோதனைக்கு யோசனை சொல்வார்கள். அவர்கள் சொல்லும் அங்கீகாரம் பெற்ற கூடம் வழியாகத்தான் செய்ய வேண்டும். முந்திக்கொண்டு இங்கே ஏதோ ஒரு லேபில் எடுத்துவைப்பது காசுக்குக் கேடு.

"அந்த வருஷத் தேதியிலேயே சான்றிதழ் போட்டுத் தர்றோமுங்க" என்று சொல்லும் புரோக்கர்களும் உண்டு. திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள். போலி ஆவணம் என்று பிடிபட்டால் வாழ்நாள் தடை. அதற்கு விலக்குக் கேட்க வேண்டுமானால் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள கணவன், மனைவி அல்லது பெற்றோர் படும் கஷ்டத்தைத்தான் காட்ட முடியும். மகன் படும் கஷ்டம் அந்தக் கணக்கிலேயே வராது.

கடைசியாக, ஜாதகத்தையும் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஜாதகத் தேதியும் பாஸ்போர்ட் தேதியும் ஒன்றாக இருந்தால் துணைக்கு வைக்கலாம். பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. தலைக்கு மேலே கையைக் கொண்டுபோய் எதிர்க் காதைத் தொடச் சொல்லி, தொட்டால் ஐந்து வயது என்று ஜூன் முதல் தேதியைப் போட்டுவிட்ட வாத்தியார்கள் காலம் அது. எங்கள் அம்மாவுக்கு ஜாதகத்தில் பிலவ வருஷம் மாசி, அதாவது 1962 தொடக்கம். பள்ளியிலும் பாஸ்போர்ட்டிலும் 1961 ஜூன் 1. பாஸ்போர்ட் தேதியையே எல்லாப் படிவத்திலும் எழுதினோம். ஆனால் பெரியம்மா மாசி மாசம் என்று சொன்னதை அவர் பத்திரத்திலிருந்து எடுக்கவில்லை. பள்ளியில் சேர்க்கும்போது வேறு தேதி கொடுத்தார்கள், பிற்கால ஆவணங்கள் அதையே பின்பற்றின என்று அடுத்த வரியில் சேர்த்தோம். அதன்மேல் அவர்கள் கேள்வி எதுவும் கேட்கவில்லை.