சிறு கப்பல், பழைய கரைகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மத்தியதரைக் கடலில் சிறு கப்பலில் போய்ப் பழைய ஊர்களைப் பார்ப்பது பற்றிச் சேர்ந்துகிடந்த கடிதங்களை இம்முறை மொத்தமாக எடுத்துக்கொண்டேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடையதை மட்டும் வைத்திருக்கிறேன். எந்த நாட்டுப் பாஸ்போர்ட், எந்த மாதம், எத்தனை பேர் என்று எழுதாதவர்களுக்கு ஊகித்துப் பதில் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

கேள்வி: மூவாயிரம் பேர் போகும் கப்பலைவிட நூறு பேர் கப்பலுக்கு மூன்று மடங்கு கேட்கிறார்கள். நீச்சல் குளம்கூட இல்லையாம். எதற்காகக் கொடுக்க வேண்டும்? – கோவை வாசகர்

பதில்: துறைமுகத்துக்காக. பெரிய கப்பல்காரர்கள் 'ரோம்' என்று விளம்பரம் செய்துவிட்டு உங்களை இறக்கிவிடும் இடம் சிவிட்டாவெக்கியா. ரோம் அங்கிருந்து 70, 80 கி.மீ. 'ஃப்ளாரன்ஸ்' என்றால் லிவோர்னோ. அங்கிருந்தும் ஒன்றரை மணி நேரம் பஸ். சிறு கப்பல் குரோவேஷியாவின் ஸ்பிளிட் நகரில் ஊரின் முகப்பிலேயே வந்து கட்டும். இறங்கிச் சில நிமிடம் நடந்தால், ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் கி.பி. 305 வாக்கில் பதவி துறந்து வந்து தங்கிய அரண்மனைக்குள் இருப்பீர்கள். கயிறு கட்டி வைத்த இடிபாடு அல்ல அது. உள்ளே இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள், கடைகள் நடக்கின்றன. கிறிஸ்தவர்களை அவ்வளவு துன்புறுத்திய அந்த மனிதரின் கல்லறை மண்டபம்தான் இப்போது ஊரின் கதீட்ரல்! வெனிஸ் நகரமோ 2021 ஆகஸ்ட் முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களைச் சான் மார்கோ சதுக்கத்தின் முன்னால் வர விடுவதில்லை. நீச்சல் குளம்தான் வேண்டும் என்றால் பெரிய கப்பலிலேயே போங்கள், தவறில்லை.

கேள்வி: ஷெங்கன் விசா எடுத்துவிட்டோம். போதுமா? – மதுரை வாசகர்

பதில்: எந்த வழி போகிறீர்கள் என்று எழுதாமல் 'போதுமா' என்றால் நான் என்ன சொல்வது? கிரீஸ், இத்தாலி, மால்டா, குரோவேஷியா மட்டும் என்றால் போதும்; ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஷெங்கன் நாடுகள் அவை. குரோவேஷியா 2023 ஜனவரியில் ஷெங்கனில் சேர்ந்துவிட்டது. நடுவில் துருக்கியோ மான்டினீக்ரோவோ வந்தால், நீங்கள் ஷெங்கன் எல்லையை விட்டு வெளியேறி மறுபடியும் உள்ளே நுழைகிறீர்கள். ஒருமுறை நுழைவு விசாவோடு துருக்கியின் குஷாடாசித் துறைமுகத்தில் இறங்கினால் திரும்பக் கிரீஸுக்குள் போக முடியாது. மல்டிபிள் என்ட்ரி கேட்டு வாங்குங்கள். விண்ணப்பத்தோடு கப்பலின் துறைமுக நேரப் பட்டியலையும் வையுங்கள். துருக்கி விசா தனி. இந்தியப் பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் ஷெங்கன் விசா இருந்தால் துருக்கிக்கு இ-விசா கிடைக்கும். விதிகள் மாறக்கூடியவை என்பதால், பணம் கட்டும் முன் அந்தந்த நாட்டு அரசுத் தளத்தில் நீங்களே பாருங்கள். ஏஜென்டின் வாய்வார்த்தை போதாது.

கேள்வி: டெலோஸ் தீவில் ஓர் இரவு தங்க ஏற்பாடு செய்ய முடியுமா? – புதுச்சேரி வாசகி

பதில்: முடியாது. அந்தக் கிரேக்கத் தீவே ஒரு தொல்லியல் களம். விடுதி இல்லை, மாலைக்குள் எல்லோரும் திரும்பிவிட வேண்டும். தங்குவதானால் பக்கத்துத் தீவான மிக்கனோஸில். வெளியே வரிசையாக நிற்கும் கற்சிங்கங்கள் நகல்கள். அசல் அருங்காட்சியகத்துக்குள் இருக்கிறது.

கேள்வி: பதினோரு நாளில் நான்கு நாடு, பதினான்கு துறைமுகம் என்று ஒரு பேக்கேஜ் வந்திருக்கிறது. இன்னொன்று அதே விலைக்கு ஏழு துறைமுகம்தான் தருகிறது. முதலாவதுதானே லாபம்? – சேலம் வாசகர்

பதில்: இந்தக் கேள்வி எந்த ஊரிலிருந்து வந்தாலும் எனக்கு இரத்த அழுத்தம் ஏறுகிறது. துறைமுகத்தைக் காய்கறி போல எண்ணி வாங்குகிறீர்களே, அங்கே எத்தனை மணி நேரம் நிற்கும் என்று யாராவது கேட்டீர்களா?

துருக்கியிலுள்ள பழைய நகரமான எஃபெசஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் அது துறைமுக நகரம். குச்சுக் மெண்டெரெஸ் ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் துறைமுகத்தைத் தூர்த்துவிட்டது. கடல் இப்போது ஐந்தாறு கி.மீ. தள்ளிப் போய்விட்டது. அதே கரையின் இன்னொரு பழைய நகரமான மிலேட்டஸுக்கும் இதே கதி. அதனால் கப்பல் குஷாடாசியில் நிற்கும். அங்கிருந்து பஸ்ஸில் அரை மணி. காலை ஏழுக்கு வந்து பகல் ஒன்றுக்குப் புறப்படும் கப்பல் என்று வையுங்கள். பன்னிரண்டரைக்குள் ஏறிவிட வேண்டும். இறங்கி, வரிசையில் நின்று, பஸ் ஏறிப் போய்ச் சேர எட்டரை. செல்சஸ் நூலகம், பெரிய அரங்கு, பளிங்குச் சாலை இவற்றுக்கு மட்டும் இரண்டரை மணி. மலைச்சரிவில் கூரை போட்டுப் பாதுகாத்து வைத்திருக்கும் பணக்கார ரோமானியர்களின் வீடுகள், சுவரோவியமும் மொசைக் தரையும் கண்முன் இருப்பவை, தனி டிக்கெட், இன்னும் ஒரு மணி நேரம். அங்கே கிடைத்த ஆர்ட்டெமிஸ் தெய்வத்தின் சிலைகளைப் பார்க்கப் பக்கத்து ஊரான செல்சுக்கின் அருங்காட்சியகம். கணக்கு இடிக்கிறதா? இன்னும் கம்பளக் கடையைச் சேர்க்கவே இல்லை.

ஆமாம், கம்பளக் கடை. பயணத் திட்டத்தில் 'பாரம்பரியக் கைவினை விளக்கம்' என்று ஒரு வரி இருக்கும். உட்காரவைத்து ஆப்பிள் தேநீர் கொடுப்பார்கள். ஒரு பெண் தறியில் இரண்டு முடிச்சுப் போட்டுக் காட்டுவார். பிறகு கதவடைத்துக் கம்பளங்களை ஒவ்வொன்றாக விரிக்க ஆரம்பித்தால் முக்கால் மணி நேரம் போய்விடும். நூலகத்தின் முன்னால் 'நேரமில்லை, நேரமில்லை' என்று விரட்டிய அதே வழிகாட்டி இங்கே கைகட்டிப் பொறுமையாக நிற்பார். அந்தக் கடையில் அவருக்குக் கமிஷன் உண்டு. கம்பளம் வேண்டுமென்றால் நீங்களாகப் போய் வாங்குங்கள். ஆனால் இரண்டாயிரம் ஆண்டு நகரத்துக்கான நேரத்தில் அதை வெட்டி ஒட்டுவதற்கு நீங்கள் பணம் கொடுக்காதீர்கள்.

'பனோரமிக்' என்ற சொல்லையும் கவனியுங்கள். பஸ் ஜன்னல் வழியாகக் காட்டுவார்கள், இறங்க விடமாட்டார்கள் என்று அதற்குப் பொருள். கிரீஸின் பழைய களங்களான டெல்ஃபிக்கு இட்டேயாவில் இறங்கி அரை மணி மேலே ஏற வேண்டும்; ஒலிம்பியாவுக்குக் கட்டாகொலோனில் இறங்கி 35 கி.மீ. போக வேண்டும். இவற்றில் எதுவும் நான்கு மணி நேரத்தில் அடங்காது.

ஆகவே, நேரப் பட்டியலை எழுத்தில் வாங்குங்கள். வரும் நேரம், புறப்படும் நேரம், களத்தில் நிற்கும் நேரம், கடை நிறுத்தங்கள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். தரமாட்டேன் என்றால் வேறு கப்பல். உங்கள் ஏழு துறைமுகப் பேக்கேஜ் இரண்டு இடங்களில் இரவு முழுவதும் நின்றால் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுங்கள்.

கேள்வி: கொரிந்துக் கால்வாய் வழியாகப் போவோம் என்று விளம்பரத்தில் படம் போட்டிருக்கிறார்கள். நிச்சயமா? – சென்னை வாசகர்

பதில்: நிச்சயமில்லை. கிரீஸிலுள்ள அந்தக் கால்வாயைப் பக்கச் சுவர்கள் சரிந்து 2021 தொடக்கத்தில் மூடினார்கள். பிறகும் கோடைக்குத் திறப்பதும் பழுதுபார்க்க மூடுவதுமாகவே ஓடியது. நீங்கள் போகும் வாரத்தில் திறந்திருக்குமா என்று கேட்டு, இல்லையென்றால் என்ன மாற்று என்பதை எழுத்தில் வாங்குங்கள். கிடைத்தால் விடாதீர்கள். ஆறு கி.மீ. சொச்ச நீளம், நீர்மட்டத்தில் 25 மீட்டர்கூட அகலமில்லை, இரு பக்கமும் செங்குத்தாக வெட்டிய பாறை. கி.பி. 67இல் நீரோ தொடங்கிவைத்தார்; முடிந்தது 1893இல். அதற்கும் முன்னால் கிரேக்கர்கள் கப்பல்களையே கல் பாவிய தடத்தில் நிலத்தின் மேல் இழுத்துப் போனார்கள். கால்வாயின் மேற்கு முனையில் அந்தத் தடத்தின் மிச்சம் இருக்கிறது. கப்பலில் போகிறவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. எல்லோரும் பாறையைப் படமெடுத்துக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது, முழங்கால் வலி. அழைத்துப் போகலாமா? – திருச்சி வாசகி

பதில்: தாராளமாக. ஆனால் சிறு கப்பல்கள் பலவற்றில் லிஃப்ட் இல்லை. லிஃப்ட் உண்டா, எந்தெந்த ஊரில் கரையோடு கட்டாமல் டெண்டர் படகில் மாற்றி இறக்குவார்கள் என்ற இரண்டையும் முதலில் கேளுங்கள். அலையில் ஆடும் படகுக்குக் கால் எடுத்து வைப்பது படிக்கட்டைவிடக் கடினம். எஃபெசஸில் மேல்வாசலில் இறங்கிச் சரிவாகக் கீழே நடக்கும் ஏற்பாடு வேண்டும். பளிங்கு வழுக்கும், பிடிப்புள்ள ஷூ கட்டாயம். ஏதென்ஸ் அக்ரோபொலிஸில் நடக்க இயலாதவர்களுக்கு லிஃப்ட் இருக்கிறது, முன்கூட்டிச் சொல்ல வேண்டும். டெல்ஃபியில் மேலே ஏற வேண்டாம். அம்மா அருங்காட்சியகத்திலேயே இருக்கட்டும். புகழ்பெற்ற வெண்கலத் தேரோட்டிச் சிலை அங்கேதான் நிற்கிறது. மருத்துவக் காப்பீட்டில் கப்பலிலிருந்து மருத்துவமனைக்குத் தூக்கிப் போகும் செலவும் அடங்குகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: ஜூலை, ஆகஸ்டில் போகலாமா? – பெங்களூர் வாசகர்

பதில்: கிரீஸுக்கும் துருக்கிக்கும் நடுவிலுள்ள ஏஜியன் கடலில் வேண்டாம். அந்த மாதங்களில் வடக்கிலிருந்து மெல்தெமி காற்று வீசும். வானம் பளிச்சென்று இருக்கும், கடல் மட்டும் கொதிக்கும். சிறு கப்பல் நன்றாகவே ஆடும். டெலோஸ் போன்ற இடங்களைக் கேப்டன் கடைசி நேரத்தில் கைவிடுவார். ஒப்பந்தப்படி பணம் திரும்ப வராது. கரையிலும் நிம்மதி இல்லை: அண்மைக் கோடைகளில் வெயில் தாங்காமல் அக்ரோபொலிஸையே நடுப்பகலில் மூடினார்கள். மே மாதம் அருமை. பள்ளி விடுமுறையும் அப்போதுதானே? செப்டம்பர் பிற்பகுதியும் நல்லது. கேபினைக் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேளுங்கள். ஆட்டம் குறைவு, விலையும் குறைவு.

கேள்வி: நாங்கள் நால்வரும் சுத்த சைவம். சமாளிக்க முடியுமா? – கும்பகோணம் வாசகர்

பதில்: முடியும், இரண்டு மாதம் முன்பே எழுதிக் கொடுத்தால். 'சைவம்' என்று மட்டும் சொல்லாதீர்கள். மீன், முட்டை, இறைச்சி வேகவைத்த சாறு எதுவும் கூடாது என்று தனித்தனியாக எழுதுங்கள். கிரேக்கர்களின் நோன்பு உணவு கிடைத்தால் எச்சரிக்கை: அதில் பாலும் இறைச்சியும் இருக்காது, ஆனால் இறாலும் கணவாயும் இருக்கலாம். இத்தாலியில் பார்மிஜானோ சீஸ் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட்டால் உறையவைத்தது. உங்களுக்கு அது ஆகுமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். மற்றபடி சாந்தோரினியின் ஃபாவா பருப்பு மசியல், தக்காளியில் வெந்த பெரிய வெள்ளை மொச்சை, துருக்கியின் கத்தரிக்காய் இமாம் பயால்டி எல்லாம் இருக்க, ஊறுகாய் பாட்டிலோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

கேள்வி: க்ரூஸ் போக எவ்வளவு ஆகும்? – ஊர் எழுதவில்லை

பதில்: கடை வாசலில் நின்று 'துணி என்ன விலை' என்று கேட்டால் கடைக்காரர் என்ன சொல்வாரோ அதுதான்.

கேள்வி: சங்கப் பாடல்களில் வரும் யவனர்களின் தடயம் எதையாவது இந்த வழியில் பார்க்க முடியுமா? – தஞ்சாவூர் வாசகி

பதில்: இப்படிக் கேட்கிறவர்கள் இரண்டு பக்கம் எழுதினாலும் படிப்பேன். நேப்பிள்ஸில் ஒரு நாள் ஒதுக்குங்கள். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை மூடிய பாம்பெய் நகரில் 1938இல் கிடைத்த இந்தியத் தந்தச் சிற்பம் அங்குள்ள தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லட்சுமி என்று பெயர் வைத்தார்கள், யட்சி என்பவர்களும் உண்டு. தக்காணத்து வேலைப்பாடாக இருக்கலாம். தமிழகச் சிலை என்று ஊருக்கு வந்து சொல்லிவிடாதீர்கள். செவ்வாய்க்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.

அங்கிருந்து பக்கத்தில் பொத்ஸுவோலி. அலெக்சாந்திரியாவின் தானியக் கப்பல்கள் வந்து சேர்ந்த துறைமுகம் அது. கிழக்கத்தியச் சரக்குக்கு நெடுங்காலம் அதுவே வாசல். பழைய சந்தைக் கட்டடத்தின் தூண்களில் ஆள் உயரத்துக்கு மேலே கடல் சிப்பிகள் துளைத்த துளைகளைப் பாருங்கள். அந்த நிலம் கடலுக்குள் அமிழ்ந்து மறுபடி எழுந்த கணக்கு அதில் இருக்கிறது. ரோமில் மேக்ஸென்டியஸ் பசிலிக்காவின் அடியில் டொமிஷியன் கட்டிய மிளகுக் கிடங்கின் அடித்தளம் உண்டு. சங்கப் பாட்டு சொல்லும், பொன்னோடு வந்து கறியோடு (மிளகோடு) போன கலங்களின் மறுமுனை அங்கேதான். அரிக்கமேட்டில் கிடைத்த செந்நிற மட்கலங்களில் சில இத்தாலியின் அரெஸ்ஸோ வகை. முசிறித் துறைமுக வணிகத்துக்கான கடன் ஒப்பந்தம் எழுதிய பாப்பிரஸ் (நாணல் தாள்) மட்டும் வியன்னாவில் இருக்கிறது. மத்தியதரைக் கடல் கப்பல் எதுவும் அங்கே போகாது.

கேள்வி: மால்டாவில் ஒரே நாள். எதைப் பார்ப்பது? – ஈரோடு வாசகர்

பதில்: வலெட்டாவின் புனித யோவான் இணைக் கதீட்ரல். இத்தாலிய ஓவியர் கராவாஜோ 1608இல் வரைந்த, அவர் கையெழுத்திட்ட ஒரே ஓவியம் அங்கே இருக்கிறது. தரை முழுவதும் புனித யோவான் சபை வீரர்களின் கல்லறைப் பளிங்கு என்பதால் கூர்குதி காலணிக்கு அனுமதியில்லை. ஹால் சஃப்லியேனி என்ற பழங்கால நிலத்தடிக் கல்லறைக்கு ஒரு மணிக்குப் பத்துப் பேர்தான். கப்பலில் ஏறிய பிறகு கேட்டால் கிடைக்காது.

கேள்வி: தனியாகப் போகிறேன். ஏன் கூடுதல் கட்டணம்? – நாகர்கோவில் வாசகி

பதில்: கேபின் விலை இருவருக்குப் போட்டது. காலிப் படுக்கைக்கு ஐம்பதிலிருந்து நூறு சதவீதம்வரை கேட்பார்கள். பருவத்தின் முதல் பயணத்திலும் கடைசிப் பயணத்திலும் தள்ளுபடி செய்ய வாய்ப்பு அதிகம், பேசிப் பாருங்கள்.

கேள்வி: காலை ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில் கப்பல். அதே நாள் விடியற்காலை ஏதென்ஸ் வந்து இறங்கும் விமானம் மலிவாக இருக்கிறது. எடுக்கலாமா? – சென்னை வாசகர்

பதில்: எடுக்காதீர்கள். ஒரு நாள் முன்பே வாருங்கள். பெட்டி வராவிட்டாலும், விமானம் தவறினாலும் கப்பல் நிற்காது.

கேள்வி: கப்பல்காரர்களின் சுற்றுலா விலை அதிகம். டாக்சி பிடித்து நாங்களே போய் வரலாமா? – திருநெல்வேலி வாசகர்

பதில்: போகலாம். ஸ்பிளிட், சிராகூஸ், வலெட்டா போல ஊரே துறைமுகமாக இருக்கும் இடங்களில் சுற்றுலாவுக்குப் பணம் கொடுப்பதே வீண். இத்தாலியின் சிராகூஸில் கதீட்ரலுக்குள் நுழைந்து பக்கச் சுவரைப் பாருங்கள், கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு அதீனா கோயிலின் தூண்களுக்கு இடையே சுவர் வைத்துத்தான் அதைக் கட்டியிருக்கிறார்கள். தூரத்துக் களங்கள் என்றால் யோசியுங்கள். கப்பல் ஏற்பாட்டில் போன பஸ் தாமதமானால் கப்பல் பொறுக்கும். உங்கள் டாக்சி பஞ்சரானால் பொறுக்காது. அடுத்த துறைமுகம் வேறு நாடாக இருந்தால் விமானச் செலவும் உங்களுடையது. டாக்சிக்காரரிடம் திரும்பும் நேரத்தைப் பேசிவிட்டு, அரைப் பணத்தைத் துறைமுக வாசலில் கொடுங்கள். பாஸ்போர்ட்டைப் பெரும்பாலும் கப்பலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், அதனால் அதன் நகலும் விசாவின் நகலும் கப்பல் ஏஜென்டின் தொலைபேசி எண்ணும் பையில் இருக்கட்டும்.