மலையில் வழி தவறினால் என்ன செய்வது? கேளுங்கள், சொல்கிறேன்

நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். 11 வருடமாக ஒரு தொண்டர் மீட்புக் குழுவில் இருக்கிறேன். குழுவில் ஆட்டோ ஓட்டுபவர், பள்ளிக்கூட ஆசிரியர், தேயிலை பெக்டரியில் வேலை செய்பவர் என்று எல்லோரும் உண்டு. யாருக்கும் சம்பளம் இல்லை. போன மாதம் இரண்டு பேரைத் தேடிப் போய் வந்ததிலிருந்து நிறையப் பேர் கேள்வி கேட்கிறீர்கள், அதனால் ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன்.

பண்டாரவளையிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, காட்டில் வழி தவறினால் ஓடையைப் பிடித்துக் கீழே இறங்கு, ஊர் வந்துவிடும் என்று அப்பா சொல்வார். அது சரியா?

சமவெளியில் சரியாக இருக்கலாம் தம்பி. நம் மலையில் அப்படிச் செய்யவே கூடாது. இங்கே ஓடை நடந்து இறங்காது, குதித்து இறங்கும். பம்பரகந்த 263 மீற்றர், தியலும 220 மீற்றர், டெவன் 97 மீற்றர் என்று பெயர் பெற்ற நீர்வீழ்ச்சிகளை எல்லோருக்கும் தெரியும். ஆனால் எங்களுக்கு அதிக வேலை வைப்பவை பெயரே இல்லாத 10, 15 மீற்றர் பாறைகள்தான். மேலேயிருந்து பார்த்தால் செடி மூடியிருக்கும், விளிம்புக்கு வந்த பிறகுதான் தெரியும், அதற்குள் பாசிப் பாறையில் கால் வழுக்கியிருக்கும். அப்புறம் இன்னொன்று: தண்ணீர்ச் சத்தத்துக்குள் நின்றால் நாங்கள் கூப்பிடுவது உங்களுக்குக் கேட்காது, நீங்கள் கத்துவதும் எங்களுக்குக் கேட்காது.

மூன்று வருடத்துக்கு முன் இரண்டு பையன்கள் பனிமூட்டத்தில் பாதையை விட்டுவிட்டார்கள். ஒருவன் பயந்துபோய் ஒரு பாறையடியில் உட்கார்ந்துவிட்டான், மற்றவன் உதவி கொண்டுவருகிறேன் என்று ஓடையோடு இறங்கினான். உட்கார்ந்திருந்தவனை நாங்கள் மேலே ஏறிய முதல் ஒரு மணிநேரத்துக்குள் கண்டுபிடித்தோம். இறங்கிய பையன் கிடைத்தது மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, கணுக்கால் முறிந்து, ஒரு பாறை விளிம்புக்கு ஆறடி மேலே. பாதையிலிருந்து அவன் விலகிப் போன தூரம் 400 மீற்றர்கூட இல்லை. நல்ல மனதோடுதான் போனான், அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தாங்காது.

வழி தெரியவில்லை என்று மனதில் பட்ட அந்த நிமிடமே நில்லுங்கள். உட்காருங்கள். தண்ணீர் குடியுங்கள். கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடம் பக்கத்தில், வந்த தடம் தெளிவாகத் தெரிகிறது என்றால் மட்டும் திரும்பலாம். இல்லையென்றால் அங்கேயே இருங்கள். தேடும்போது நாங்கள் முதலில் செய்வது கடைசியாக உங்களைப் பார்த்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடுவதுதான். நீங்கள் நடக்க நடக்க அந்த வட்டம் பெரிதாகிக்கொண்டே போகும், ஆட்களோ அதே இருபது பேர்தான்.

கண்டியிலிருந்து: போனில் சிக்னல் இல்லை, சார்ஜும் கொஞ்சம்தான் என்றால்?

சிக்னல் இல்லாவிட்டாலும் போனின் ஜிபிஎஸ் வேலை செய்யும், மேப்பைத் திறந்து நீங்கள் நிற்கும் புள்ளியின் எண்களை ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அழைப்பு போகாத இடத்தில் எஸ்எம்எஸ் சில நேரம் போய்விடும், அதனால் எண்களையும், எத்தனை பேர், காயம் உண்டா என்பதையும் ஒரே செய்தியில் வீட்டுக்கு அனுப்புங்கள். அழைக்க முடிந்தால் பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. தோட்டத்தின் பெயரோடு டிவிசன் பெயரையும் சொல்லுங்கள், ஒரே தோட்டத்தில் மேற்பிரிவுக்கும் கீழ்ப்பிரிவுக்கும் நடுவில் ஒரு மலையே இருக்கும். சொல்லி முடித்ததும் போனை உடம்போடு சேர்த்து உள்ளே வையுங்கள், குளிரில் பற்றரி சீக்கிரம் இறங்கும். சொந்தக்காரர் எல்லோருக்கும் அழைத்துக்கொண்டிருக்க வேண்டாம், எங்கள் அழைப்பு வரும்போது போன் உயிரோடு இருக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து: டொர்ச், விசில் வைத்து எப்படிக் கூப்பிடுவது?

ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை, பிறகு ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. வெளிச்சமும் அப்படியே. பதில் ஒரு நிமிடத்துக்கு மூன்று முறை வரும். பதில் கேட்டதும் சத்தம் வந்த பக்கம் ஓடாதீர்கள், மலையில் எதிரொலி ஏமாற்றும். நாங்கள் வந்து சேரும் வரை ஊதிக்கொண்டே இருங்கள்.

கொழும்பிலிருந்து ஓர் அக்கா: இலங்கையில் குளிரால் உயிர் போகும் என்பது கொஞ்சம் மிகையாகத் தெரிகிறது.

இல்லை அக்கா, மிகையில்லை. நுவரெலியா நகரமே 1,868 மீற்றரில் இருக்கிறது, ஜனவரி, பெப்ரவரியில் அங்கே புல்லில் உறைபனி படியும். சிவனொளிபாத மலை உச்சி 2,243 மீற்றர். நூறு மீற்றர் ஏறினால் அரைப் பாகைக்குக் கொஞ்சம் மேலே வெப்பம் குறையும். அதோடு மழையும் காற்றும் சேர்ந்து, போட்டிருப்பது நனைந்த பருத்திச் சட்டை என்றால், 10 பாகையிலேயே உடம்பு தோற்றுவிடும். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் வெயிலில் புறப்பட்டு, மதியம் இரண்டு மணிக்கு மழையில் மாட்டிக்கொள்வார்கள்.

நடுங்கினால் உடம்பு இன்னும் போராடுகிறது என்று அர்த்தம். பேச்சு குழறுகிறது, சும்மா தடுமாறுகிறார், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார் என்றால் நிலைமை மோசம். நனைந்தபடியே இருப்பவர் நடுக்கம் நின்று சோர்ந்துபோனால் அது தேறுகிறார் என்பதல்ல, மிக மோசம். ஈரத்தைக் கழற்றிக் காய்ந்ததைப் போடுங்கள், தலையை மூடுங்கள், முக்கியமாகத் தரைக்கும் உடம்புக்கும் நடுவில் பை, இலை தழை, எதையாவது போடுங்கள், ஈரத்தரை இழுக்கும் சூடு காற்றைவிட அதிகம். தெளிவாக விழுங்க முடிந்தால் சீனி கூடப் போட்ட பிளேன்டீ கொடுக்கலாம். சாராயம் கொடுக்கவே வேண்டாம், சூடாகிறது போலத் தோன்றும், உள்ளிருக்கும் சூட்டைத்தான் வெளியே தள்ளும். கை காலைத் தேய்க்கவும் கூடாது.

நம் அம்மாமார் மழையில் கொழுந்து எடுக்கப் போகும்போது தலையில் கம்பளி, இடுப்பில் படங்கு கட்டிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். கம்பளி நனைந்தாலும் சூட்டை வைத்திருக்கும், படங்கு தண்ணீரை விடாது. எங்கள் பையிலும் அந்த இரண்டும்தான் முதலில் இருக்கும்.

மஸ்கெலியாவிலிருந்து: என் மாமா மலையில் கால் முறிந்து கிடந்தபோது கீழே கொண்டுவர 7 மணிநேரம் ஆனது. ஏன் அவ்வளவு நேரம்? ஹெலிகொப்டர் வராதா?

அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது தம்பி, வலியில் கிடப்பவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது கொடுமை. ஹெலிகொப்டர் விமானப்படையிடம் இருக்கிறது, கோரிக்கை உரிய வழியில் போக வேண்டும். அப்படியே வந்தாலும் பனிமூட்டம் இறங்கிவிட்டால் பறக்க முடியாது. மலைச்சரிவில் காற்று கணத்துக்குக் கணம் மாறும், இறங்க இடமும் வேண்டும். ஆகவே பெரும்பாலும் தோளில்தான்.

ஒரு ஸ்ட்ரெச்சரை ஆறு பேர் பிடிக்க வேண்டும், கரடுமுரடான பாதையில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும், மாற்று ஆறு பேர், அதற்கும் மாற்று ஆறு பேர், ஆக 18 பேராவது இருந்தால்தான் நிற்காமல் வரலாம். ஒற்றையடிப் பாதையில் இரண்டு பக்கமும் ஆள் நடக்க இடம் இருக்காது, அங்கே ஸ்ட்ரெச்சரைக் கைமாற்றிக் கைமாற்றித்தான் நகர்த்துவோம். தலைப்பக்கம் எப்போதும் மேட்டை நோக்கி இருக்கும். தலைமாட்டில் நிற்பவர் ஒருவர் சொல்வதை மட்டும்தான் எல்லோரும் கேட்க வேண்டும், நாலு பேர் கத்தினால் ஆள் விழுந்துவிடுவார். இப்படி ஒரு கிலோமீற்றர் இறங்க ஒரு மணிநேரத்துக்கு மேலும் ஆகும். ரோட்டு வராத காலத்தில் எங்கள் தாத்தாமார் கம்பில் கம்பளியைக் கட்டித் தொட்டில் போட்டு நோயாளியைத் தூக்கிப் போனார்கள், இன்றைக்கும் சில டிவிசன்களில் அதே நிலைமைதான். அவசரப்பட்டுத் தோளில் போட்டு ஓடிவந்திருந்தால் உடைந்த எலும்பு நரம்பையோ இரத்தக் குழாயையோ கிழித்திருக்கும். மாமா இப்போது நடக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள், ரொம்பச் சந்தோஷம்.

லிந்துலையிலிருந்து: குளவி கொட்டியவரைத் தூக்க எப்போது உள்ளே போகலாம்?

குளவிக் கூட்டம் அடங்கிய பிறகு. இதில் நான் கண்டிப்பானவன், ஏனென்றால் காப்பாற்ற ஓடியவர்களே அடுத்து விழுவதைப் பார்த்திருக்கிறேன். உடம்பு முழுக்க மூடி, முகத்துக்கு வலை கட்டி இரண்டு பேர் மட்டும் போக வேண்டும். கொட்டு வாங்குகிறவர் அங்கேயே நின்று கையை வீசாமல், முகத்தை மூடிக்கொண்டு முடிந்த வேகத்தில் விலகி ஓட வேண்டும். மூச்சு முட்டுகிறது, முகம் வீங்குகிறது என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1990. நிறையக் கொட்டு வாங்கியவர் நன்றாக இருக்கிறேன் என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும், விஷம் சிறுநீரகத்தைத் தாக்குவது பிறகுதான் தெரியும்.

ஹப்புத்தளையிலிருந்து ஒரு தங்கை: பெண்கள் சேரலாமா?

சேர வேண்டும். எங்கள் குழுவில் ஐந்து பேர் இருக்கிறார்கள், மூவர் கொழுந்து எடுக்கும் அக்காமார். எந்த மலையில் எந்தக் குறுக்குப் பாதை எங்கே முடிகிறது என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்த மேப்புக்கும் தெரியாது.

பதுளையிலிருந்து ஓர் ஆசிரியர்: மண்சரிவு நடந்த இடத்துக்கு ஊர் இளைஞர்கள் உடனே ஓடுகிறார்கள். தடுக்க வேண்டுமா?

தடுக்க முடியாது ஐயா, உள்ளே இருப்பது அவர்களுடைய அம்மா, தம்பி. ஆனால் ஒழுங்குபடுத்தலாம். 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தவில் லயங்கள், அதாவது தோட்டத்து வரிசை வீடுகள், மண்ணுக்குள் போயின, 2016 மே மாதம் அரநாயக்கவில், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் மலையகம் முழுக்க. ஒரு முறை சரிந்த மலை மறுபடியும் சரியும். அதனால் முதல் வேலை, மேலே பாதுகாப்பான இடத்தில் ஒருவரை விசிலோடு நிறுத்துவது. அவர் தோண்டக் கூடாது, மலையை மட்டும் பார்க்க வேண்டும், நீண்ட விசில் கேட்டால் எல்லோரும் முன்பே பேசி வைத்த பக்கத்துக்கு, சரிவுக்குக் குறுக்காக ஓட வேண்டும். இரண்டாவது, வீட்டில் யார் யார் இருந்தார்கள், எந்த அறையில் என்று தெரிந்த ஒருவரைப் பிடித்து எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவது, கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை எல்லாச் சத்தத்தையும் நிறுத்திவிட்டுக் காது கொடுங்கள், அழுகையையும் நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்கும், அது கஷ்டம்தான்.

அதற்கும் முன்னால், மழையைக் கணக்கு வையுங்கள். 24 மணிநேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினால் அல்லது ஒரு மணிநேரத்திலேயே 75 பெய்தால் வெளியேற வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவு. பள்ளிக்கூடத்தில் ஒரு மழைமானி வைத்துப் பிள்ளைகளையே அளக்கச் சொல்லுங்கள் ஐயா. சுவரிலும் நிலத்திலும் புது வெடிப்பு, கதவு இறுகுவது, ஊற்று திடீரென்று கலங்குவது அல்லது நிற்பது, மரம் சாய்வது, இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் அளவுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

திருகோணமலையிலிருந்து: ஹோட்டன் சமவெளியில் 'உலக முடிவு' என்கிற செங்குத்துப் பாறை விளிம்பிலிருந்து விழுந்தவர் யாராவது பிழைத்திருக்கிறார்களா?

2015 பெப்ரவரியில் தேனிலவுக்கு வந்த நெதர்லாந்துக்காரர் ஒருவர் படம் எடுக்கும்போது தவறி விழுந்து, கீழே ஒரு மரத்தில் சிக்கிக்கொண்டார். இராணுவத்தினர் கயிற்றில் இறங்கி மேலே கொண்டுவந்தார்கள். அந்த மரம் இல்லையென்றால் பல நூறு மீற்றர் பள்ளம். விளிம்புக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள்.

நோர்வூட்டிலிருந்து: உயிரோடு கிடைக்காதபோது என்ன செய்வீர்கள் அண்ணா?

அதே ஸ்ட்ரெச்சர், அதே ஆறு பேர், அதே மெதுவான நடை. முகத்தை மூடி, நேராக வைத்து, ஒரு வார்த்தை பேசாமல் இறங்குவோம். வீட்டாரிடம் நாங்களே சொல்வோம், "நிலைமை கொஞ்சம் சரியில்லை" என்று இழுக்க மாட்டோம், இறந்துவிட்டார் என்று தெளிவாகச் சொல்வோம், சொல்லிவிட்டுக் கூடவே உட்காருவோம். 1974 டிசம்பர் 4 இரவு சப்த கன்னியர் மலையில் மார்ட்டின் எயார் விமானம் மோதி 191 பேரும் இறந்தார்கள். நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத்தில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் அதைப் பற்றிப் பேசும்போது இப்போதும் குரல் மாறும். அதனால் ஒவ்வொரு தேடலுக்கும் பிறகு எங்கள் குழு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுப் பேசிவிட்டுத்தான் கலையும். புதுப் பையன்களைத் தனியாக வீட்டுக்கு அனுப்ப மாட்டோம்.

ஹட்டனிலிருந்து: கடைசிக் கேள்வி, என்ன விசில் வாங்கலாம்?

உள்ளே உருண்டை இல்லாத பிளாஸ்டிக் விசில், நனைந்தாலும் அடைக்காது. டவுனில் விளையாட்டுச் சாமான் கடையில் கேட்டுப் பாருங்கள். வாங்கிப் பைக்குள் போட்டுவிடாதீர்கள், விழும்போது பை ஒரு பக்கம் போய்விடும். கழுத்தில் போட்டாலும் செடியில் மாட்டும். சட்டைப் பையில் வைத்து, சின்னக் கயிற்றால் பொத்தானில் கட்டிக்கொள்ளுங்கள்.