உட்கார்ந்து தூக்கினால் கெண்டைக்கால் ஏன் பருக்கவில்லை?

கேள்வி: வயது 38. ஆறு மாதமாக நாற்காலியில் உட்கார்ந்து, தொடை மேல் 30 கிலோ பாரம் வைத்துக் குதிகாலைத் தூக்கி இறக்குகிறேன். பலம் கூடியிருக்கிறது. கெண்டைக்கால் மட்டும் அப்படியே இருக்கிறது. பாரத்தைக் கூட்டலாமா?

பதில்: பாரம் இருக்கட்டும், முதலில் எழுந்து நில்லுங்கள்.

கெண்டைக்காலில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தசைகள். வெளியே இரட்டைப் புடைப்பாகத் தெரிவது காஸ்ட்ராக்னீமியஸ். அதற்கடியில் தட்டையாகக் கிடப்பது சோலியஸ். இரண்டும் அக்கிலிஸ் தசைநாணில் சேர்ந்து குதிகாலைத் தூக்குகின்றன. ஆனால் மேல்தசை தொடை எலும்பிலேயே தொடங்கிவிடுகிறது. சோலியஸ் முழங்காலைத் தாண்டுவதில்லை. முழங்கால் மடங்கினால் மேல்தசை தொய்ந்துவிடும். பாரம் பெரும்பாலும் சோலியஸ் மேல்தான்.

நீங்களே தொட்டுப் பார்க்கலாம். உட்கார்ந்து குதிகாலைத் தூக்கும்போது கெண்டையின் மேல்பாதியை அழுத்துங்கள், மெத்தென்று இருக்கும். நின்று தூக்கினால் அதே இடம் கல்லாகும்.

பலம் மட்டும் கூடியதே என்பீர்கள். சோலியஸின் இழை அமைப்பு அப்படி. வேறொரு தசையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தொடையில் குறுக்காகப் போகும் சார்ட்டோரியஸ் தசையில் இழைகள் சுமார் 40 செ.மீ. நீளம், தசையின் போக்கிலேயே ஓடுகின்றன. நீள இழை அதிக தூரம், வேகமாகச் சுருங்கும். ஆனால் பக்கம் பக்கமாக இருப்பவை குறைவு. இழைகளின் மொத்தக் குறுக்குப் பரப்பு 2 சதுர செ.மீ.தான். இழுவிசையைத் தீர்மானிப்பது இந்தப் பரப்பு. சோலியஸில் 4 செ.மீ. சொச்சம் நீளமுள்ள குட்டை இழைகள், இறகின் தூவிகள் மாதிரி 28 டிகிரி அளவில் சாய்ந்து நெருக்கியடித்து நிற்கின்றன. பரப்பு சுமார் 50 சதுர செ.மீ., காலிலேயே அதிகம். சாய்வால் விசையில் எட்டில் ஒரு பங்கு வீணாகும். எண்ணிக்கை அதைப் பல மடங்கு ஈடுகட்டிவிடும். சுருங்கும் தூரம்தான் குறைவு.

2023இல் வெளியான 12 வார ஜப்பானிய ஆய்வு ஒன்றில் ஒரு காலுக்கு நின்றும் மறுகாலுக்கு உட்கார்ந்தும் பயிற்சி தந்தார்கள். சோலியஸ் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு, கொஞ்சமாகத்தான் வளர்ந்தது. காஸ்ட்ராக்னீமியஸ் நின்ற காலில்தான் நன்றாகப் பருத்தது.

அதனால் படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, முழங்காலை நீட்டி, குதிகாலை நன்றாகக் கீழே இறக்கி ஏற்றுங்கள். சுலபமானால் ஒற்றைக்காலில். கைப்பிடியைப் பிடித்துக்கொள்வதில் வெட்கம் வேண்டாம். ஓட்டப் பயிற்சி உண்டென்றால் உட்கார்ந்து செய்வதையும் தொடரலாம். ஓடும்போது சோலியஸுக்கு வேலை அதிகம். உருவத்துக்காக மட்டும் என்றால் அதற்கு நேரம் ஒதுக்கத் தேவையில்லை.