ராத்திரி வண்டி எங்கே நிற்கும்?
வாசகர் கேள்வி – பதில்: மின்சார லோடு வண்டிகள்

போன இதழில் மின்சார லோடு வண்டிகளைப் பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களையும் வாட்ஸப் செய்திகளையும் படித்து முடிக்கவே ரெண்டு நாள் ஆனது. முக்கால்வாசிப் பேர் கேட்டது "வாங்கலாமா, வேண்டாமா" என்ற ஒரே கேள்விதான், ஆனால் ஆளுக்கு ஆள் ஓட்டம் வேறு, லோடு வேறு, அதனால் பதிலும் வேறு. அவற்றில் ஏழு கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

திருப்பூரில் சின்னதாக ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். சாயப்பட்டறை, காம்பாக்டிங், கட்டிங் என்று துணி ரோல்களை ஏற்றி இறக்க வாடகை வண்டிக்கே காசு கரைகிறது. சொந்தமாக ஒரு குட்டி யானை பார்க்கப் போனால் மின்சார வண்டியைக் காட்டுகிறார்கள். ஒரு நாளைக்கு 60 கிலோமீட்டர் ஓடும், ராத்திரி யூனிட் வாசலிலேயே நிற்கும். வாங்கலாமா சார்? – வாசகி, திருப்பூர்

தாராளமாக வாங்கலாம் சகோதரி. ஒரு நாளைக்கு எவ்வளவு ஓடும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, ராத்திரி நிற்கும் இடத்தில் கரண்டும் இருக்கிறது. இந்த ரெண்டும் சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். டாடா ஏஸ் ப்ரோ 2025 ஜூனில் வந்தபோது ஷோரூம் விலை பெட்ரோலுக்கு 3.99 லட்சம், மின்சாரத்துக்கு 6.50 லட்சம், அதாவது கையிலிருந்து கூடுதலாகப் போடுவது 2.51 லட்சம். மாதம் 26 நாள் ஓட்டினால் 1,560 கிலோமீட்டர். பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 18 கொடுக்கிறது, லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் மாதம் சுமார் 8,750 ரூபாய். மின்சார வண்டியின் பேட்டரி 14.4 யூனிட் கரண்ட் கொள்ளும், ஒரு சார்ஜுக்கு 155 கிலோமீட்டர் என்பது சான்றிதழில் உள்ள கணக்கு, அதை நம்பி வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டாம், லோடோடு சந்து சந்தாக நின்று நின்று போகும் வண்டிக்கு 100 என்றே வையுங்கள். அப்படிப் பார்த்தால் உங்கள் 60 கிலோமீட்டருக்கு 9 யூனிட், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து 10. மாதம் 260 யூனிட், யூனிட் 9 ரூபாய் என்றால் 2,340 ரூபாய். மாதத்துக்கு 6,400 ரூபாய் மிச்சம். கூடுதலாகப் போட்ட பணம் திரும்பி வர 39 மாதம், கடன் வட்டியையும் சேர்த்தால் நாலு வருஷத்தை ஒட்டி வரும்.

இதில் ஒன்றை உங்களிடம் மறைக்கக் கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் பெட்ரோல், டீசல் சரக்கு வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது, மின்சார வண்டிக்கு முன்பும் பின்பும் 5தான், அதனால் விலை வித்தியாசம் முன்னைவிடக் கூடியிருக்கும். என் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் இன்றைய கொட்டேஷனையும் உங்கள் யூனிட்டின் கரண்ட் பில்லில் உள்ள ரேட்டையும் வைத்து இதே கணக்கை மறுபடி போடுங்கள். ஐந்து வருஷத்துக்குள் திரும்பி வந்தால் வாங்குங்கள். உங்கள் ஓட்டம் 60 இல்லாமல் 25தான் என்றால் நானே வேண்டாம் என்றிருப்பேன், ஏனென்றால் ஓடினால்தான் மிச்சம், சும்மா நிற்கும் மின்சார வண்டிக்கு இ.எம்.ஐ. மட்டும்தான் ஓடும்.

மேடவாக்கத்தில் வாட்டர் கேன் போடுகிறேன் அண்ணா. வீட்டு மீட்டரிலேயே சார்ஜ் போட்டுக்கொள்ளலாமா? மாடியில் குடியிருக்கிறேன், வண்டி கீழே தெருவில் நிற்கும். – வாசகர், சென்னை

உங்கள் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி கிடையாது தம்பி. போன மார்ச்சில் ஒரு கேன் வண்டியில் காலை 5 மணிக்கே ஏறி உட்கார்ந்து வேளச்சேரிப் பக்கம் அரை நாள் சுற்றினேன். டாடா ஏஸ் இ.வி., 600 கிலோ ஏற்றும் வண்டி, 20 லிட்டர் கேன் 28 ஏற்றினால் ஏறக்குறைய நிறைந்துவிடும். டேஷ்போர்டில் சணல் கயிற்றில் ஒரு நோட்டு தொங்கியது, அதில் தினமும் கிளம்பும்போது பேட்டரி எத்தனை சதவீதம், திரும்பும்போது எத்தனை, எவ்வளவு ஓடியது, எத்தனை கேன் என்று பென்சிலில் குறித்து வைத்திருந்தார் அந்த டிரைவர். அன்றைக்கு 100இல் கிளம்பி 31 கிலோமீட்டர் ஓடித் திரும்பும்போது 71. பத்தடிக்கு ஒரு வீடு, வீட்டுக்கு வீடு நிறுத்த வேண்டும், ஆனால் அவர் பிரேக்கை மிதித்தது எனக்குத் தெரிந்து ஏழெட்டுத் தடவைதான், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டி தானாக இழுத்துப் பிடித்து வேகம் குறைகிறது, அந்த இழுப்பில் கொஞ்சம் கரண்டும் பேட்டரிக்குத் திரும்பிப் போகிறது. டீசல் வண்டியை இப்படி நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் கிளட்ச் என்ன கதி ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

சார்ஜ் விஷயத்துக்கு வருகிறேன். தெருவில் நிற்கும் வண்டிக்கு மாடியிலிருந்து ஒயர் இறக்கிச் சார்ஜ் போடும் யோசனை இருந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகிய ஒரு பிளக்கைக் கையில் வாங்கிப் பார்த்தேன், பித்தளைக் கால் ஒன்று பழுப்பேறிப் போய், பாக்ஸின் ஓட்டையைச் சுற்றிப் பிளாஸ்டிக் இளகி மெழுகு மாதிரி வழிந்திருந்தது. ஆறேழு மணி நேரம் விடாமல் கரண்ட் இழுக்கும் வண்டி இது. மீட்டர் போர்டிலிருந்து நேராக இழுத்த தனி ஒயர், தனி எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் ஸ்விட்ச்), நல்ல எர்த், சுவரில் பதித்த 15 ஆம்பியர் சாக்கெட், இது நாலும் இல்லாமல் ஒரு நாள்கூடச் சார்ஜ் போடாதீர்கள்.

அப்புறம் பில். ரெண்டு மாதத்துக்கு ஒரு தடவை வரும் வீட்டு பில்லில் முதல் 100 யூனிட் இலவசம், மேலே போகப் போக ரேட் ஏறும், 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் சேர்த்துக் கூடுதல் ரேட் விழும். வண்டி ஒன்றே ரெண்டு மாதத்தில் 400, 500 யூனிட் குடிக்கும், ஆக வீட்டு மீட்டரில் போட்டால் உங்கள் ஃபேன், ஃபிரிட்ஜ் ஓடுவதற்கும் சேர்த்து அதிகமாகக் கட்டுவீர்கள். மின் வாகனச் சார்ஜிங்குக்கு மின்வாரியத்தில் தனிக் கட்டண வகையே இருக்கிறது, செக்‌ஷன் ஆபீஸில் தனி இணைப்பு கேளுங்கள். வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை என்றால், கேன் ஏற்றும் வாட்டர் கம்பெனியிலேயே ராத்திரி வண்டியை விட முடியுமா என்று பாருங்கள். முதலில் இதை முடியுங்கள், அப்புறம் அட்வான்ஸ் கொடுக்கலாம்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து மதுரைக்குத் தக்காளி ஏற்றுகிறேன். டீசல் விலைக்கு மின்சார வண்டி கட்டுப்படியாகுமா? – வாசகர், ஒட்டன்சத்திரம்

ஆகாது அண்ணா. போக மட்டும் நூறு கிலோமீட்டரை ஒட்டி வரும், திரும்பி வரவும் அவ்வளவு. சின்ன மின்சார வண்டிகளில் பெரும்பாலானவை லோடோடு 200 கிலோமீட்டரை ஒரே சார்ஜில் தாண்டாது, வழியில் ஃபாஸ்ட் சார்ஜரில் நிறுத்தினால் ஒண்ணேமுக்கால் மணி நேரம் கைவிட்டுப் போகும், அதற்குள் மார்க்கெட்டில் விலை எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தூரத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது எடை. 14 கிலோ தக்காளிப் பெட்டி, பெட்டியின் எடையையும் சேர்த்தால் 600 கிலோ வண்டியில் 40 பெட்டிக்கு மேல் ஏறாது. டீசல் குட்டி யானையில் நீங்கள் எவ்வளவு ஏற்றுகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை, ஊர் அறிந்ததுதான், அதுவும் தப்புதான், ஆனால் மின்சார வண்டியில் அதே தப்பைச் செய்தால் அன்றைக்கே தெரிந்துவிடும், சதவீதம் கண் முன்னால் இறங்கும். ஒரு டன் ஏற்றுகிற ஏஸ் இ.வி. 1000 என்ற வண்டி 2024இல் வந்தது, அதற்கும் மதுரை ஓட்டம் ஒத்துவராது. திண்டுக்கல்லோடு நிறுத்திக்கொள்ளும் ஓட்டம் என்றால் மட்டும் திரும்ப எழுதுங்கள், அது வேறு கணக்கு.

மலை ஓட்டம் பற்றிக் கேட்ட மூன்று பேருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரம் ஏற வேண்டும். ஏஸ் இ.வி.யும் சரக்கும் சேர்ந்து 1,840 கிலோ என்றால், அந்த எடையைத் தூக்கி மேலே வைக்க மட்டுமே ஒன்பதரை யூனிட் வேண்டும், உருண்டு போகிற செலவும் வழியில் வீணாவதும் தனி. 21 யூனிட் பேட்டரியில் பெரும்பகுதி அங்கேயே தீரும். இறக்கத்தில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும் என்பது உண்மை, ஆனால் இறங்குவதற்கு முதலில் ஏறியிருக்க வேண்டுமே.

மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். மின்சார வண்டி தண்ணீரில் நின்றால் என்ன ஆகும்? – வாசகர், முடிச்சூர்

ஏஸ் இ.வி.யின் பேட்டரிக்கு ஐ.பி.67 தரம், அதாவது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தால் உள்ளே தண்ணீர் போகாது. 2023 டிசம்பரில் உங்கள் பக்கம் தண்ணீர் நின்றது அரை மணி நேரம் இல்லை, நாள் கணக்கில். மழை அறிவிப்பு வந்ததும் மேட்டில் கொண்டுபோய் விடுங்கள், முழுகிவிட்டால் சாவியைத் திருப்பிப் பார்க்காதீர்கள், சார்ஜரைச் சொருகவே கூடாது, வேறு வண்டியில் ஏற்றி சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். இன்சூரன்ஸில் வெள்ளத்தால் பேட்டரி கெட்டால் பணம் உண்டா என்று பாலிசி எடுக்கும்போதே எழுத்தில் வாங்குங்கள்.

ரிப்பேர் வந்தால் நம்ம ஊர் மெக்கானிக் பார்ப்பாரா? – வாசகர், தேவகோட்டை

டயர், பிரேக், சஸ்பென்ஷன் பார்ப்பார். மோட்டார், அதற்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர், பேட்டரி பக்கம் அவர் கை வைக்கக் கூடாது, வைத்தால் வாரண்டியும் போகும், உயிருக்கும் ஆபத்து.

எனக்கு இதில் மனவருத்தம் உண்டு. என் மைத்துனர் ஒரு மூன்று சக்கர மின்சார லோடு வண்டி வைத்திருக்கிறார். ஒரு வெள்ளிக்கிழமை காலை கன்ட்ரோலர் போய்விட்டது, வண்டி நகரவே இல்லை. பார்ட் வர வேண்டும் என்றார்கள், வந்தது பதினோராவது நாள். வாரண்டியில்தான் மாற்றினார்கள், பைசா வாங்கவில்லை, ஆனால் அந்தப் பதினோரு நாளும் அவர் வாடகை வண்டி பிடித்துத்தான் சரக்கைக் கொடுத்தார், அந்தக் காசை யார் தருவார்கள்? சின்ன ஊரில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஷோரூமில் விலை கேட்பதற்கு முன்னால், அந்தக் கம்பெனி வண்டியை உங்கள் மாவட்டத்தில் ஒரு வருஷமாவது ஓட்டும் ஒருவரைத் தேடிப் பிடித்து, கடைசியாக வண்டி எத்தனை நாள் சர்வீஸில் நின்றது என்று கேளுங்கள். ஏழு வருஷப் பேட்டரி வாரண்டி என்பது பெரிய ஆறுதல்தான், ஆனால் பார்ட் வரும் வரை அது வயிற்றை நிரப்பாது.

ஹூஸ்டனில் இருக்கும் என் மாப்பிள்ளை பெரிய மின்சாரப் பிக்கப் வைத்திருக்கிறார். அந்த மாதிரி வண்டி இங்கே ஏன் வருவதில்லை? – வாசகர், தாம்பரம்

அது வேறு ஜாதி வண்டி சார். 2022இல் வந்த ஃபோர்டு எஃப்-150 லைட்னிங்கை எடுத்துக்கொள்ளுங்கள், அதன் பெரிய பேட்டரி 131 யூனிட், அந்த ஒரு பேட்டரியில் நம்ம ஏஸ் இ.வி. ஆறு ஓடும். ஒரு சார்ஜுக்கு 320 மைல், நம் கணக்கில் 515 கிலோமீட்டர். அங்கே பிக்கப் என்பது குடும்பம் போகும் கார், லோடு வண்டி, வார விடுமுறைக்குப் படகு இழுக்கும் வண்டி எல்லாம் ஒன்றே. அதில் எனக்கு மிகவும் பிடித்தது, வண்டியிலிருந்தே 9.6 கிலோவாட் கரண்ட் எடுக்கலாம், அதற்குரிய கருவி பொருத்தினால் வீட்டுக்கே கொடுக்கலாம். 2024 ஜூலையில் பெரில் புயலடித்து ஹூஸ்டன் பக்கம் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு அந்த வெயிலில் கரண்ட் போனதே, அப்படி ஒரு நாளில் வாசலில் நிற்கும் வண்டி ஃபிரிட்ஜையும் விளக்கையும் ஓட்டுவது சின்ன விஷயமா?

குறை என்னவென்றால், பின்னால் கனமான டிரெய்லர் கட்டி இழுத்தால் ஓடும் தூரம் பாதிக்கு வந்துவிடும். கடுங்குளிரிலும் குறையும். விலையும் 40 ஆயிரம் டாலருக்குக் கீழே என்று சொல்லி ஆரம்பித்து மேலே மேலே போனது, 7,500 டாலர் வரிச் சலுகையும் 2025 செப்டம்பரோடு நின்றது, அந்த டிசம்பரில் ஃபோர்டு இந்த வண்டியையே நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. அங்கேயும் தினமும் வீடு திரும்பி, கராஜில் சார்ஜ் போடுபவர்களுக்கு அது நல்ல வண்டியாகத்தான் இருந்தது, நீண்ட தூரம் இழுத்துப் போக வாங்கியவர்கள்தான் நொந்தார்கள். நம்ம ஊர்ச் சந்துக்கும் நம்ம லோடுக்கும் அவ்வளவு பெரிய வண்டி தேவையே இல்லை.

பச்சை நம்பர் பிளேட் இருந்தால் பெர்மிட் வேண்டாம் என்கிறார்களே, உண்மையா? டிரைவருக்குத் தனி லைசென்ஸ் வேண்டுமா? – வாசகர், ஓசூர்

உண்மைதான். பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால் அது வாடகை, சரக்கு ஓட்டும் மின்சார வண்டி, 2018இல் மத்திய அரசு பெர்மிட்டிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டது. எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றும் இன்சூரன்ஸும் மற்ற வண்டிகளைப் போலவே வேண்டும். சாலை வரிக்குத் தமிழக அரசு 2023 கொள்கையில் முழு விலக்கு கொடுத்தது, ஆனால் அது தேதி வைத்துத் தரும் சலுகை, ஆகவே பதிவு செய்யும் நாளில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். லைசென்ஸைப் பொறுத்தவரை, 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டிக்கு எல்.எம்.வி. (இலகு ரக வாகன லைசென்ஸ்) போதும் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டே உறுதி செய்துவிட்டது, அதனால் உங்கள் டிரைவர் கார் ஓட்டும் லைசென்ஸிலேயே இந்த வண்டியை எடுக்கலாம். கிளட்ச் இல்லாத வண்டி, முதல் நாள் ஆக்சிலேட்டரை மெதுவாக மிதிக்கச் சொல்லுங்கள், நின்ற இடத்திலிருந்தே வெடுக்கென்று இழுக்கும்.